மனவடு உணர்ந்த சிறுவர் பராமரிப்பு: மாற்றம் வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் சில சிறுவர் இல்லங்களின் பணியாளர்களுக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும் பிள்ளைகளின் மனவடு (பயங்கரமான அனுபவங்கள் மனதில் விட்டுச்செல்லும் காயம்) பற்றிப் பயிற்சி கொடுத்தோம். அதனால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று எப்படி அளப்பது? நிதி தருபவர்கள் எண் கேட்கிறார்கள்.

தங்கச்சி, நீங்கள் கேட்டதில் "உண்மையில்" என்ற சொல் இருக்கிறதே, அதற்காகத்தான் இதை நீளமாக எழுதுகிறேன். எண் மட்டும் போதுமென்றால் வேலை சுலபம். பயிற்சி தொடங்கும் காலையில் ஒரு வினாத்தாள், கடைசி நாள் பின்னேரம் அதே வினாத்தாள். மூன்று நாள் கேட்டதை எல்லோரும் திருப்பி எழுதுவார்கள், புள்ளி கூடும். நானும் பல வருடம் அப்படித்தான் அறிக்கை எழுதினேன்.

அதை நிறுத்தவைத்தது ஒரு இரவு. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு இல்லத்துக்குப் போயிருந்தேன். மழை, இடி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மறுத்தான். அங்கே பராமரிப்பாளராக இருந்த அன்ரி அவனைக் கையில் பிடித்து இழுத்து, சுவரோரம் முழங்காலில் நிற்கவைத்தார். எங்கள் வினாத்தாளில் மிக நல்ல புள்ளி எடுத்தவர் அவர். பிறகு தனியாகக் கேட்டேன். "தெரியும் அண்ணா, பயந்துதான் ஒளிக்கிறான் எண்டு தெரியும். ஆனா இருபத்திரண்டு பிள்ளைக்கு இரவில நான் ஒருத்தி. அவனோட நான் இருந்தா மற்றதுகளை ஆர் பாக்கிறது?" என்றார்.

அவருடைய அறிவு மாறியிருந்தது. அவருடைய இரவு மாறவில்லை. நாங்கள் அளந்தது முதலாவதை மட்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது: பயிற்சி பெற்றவரின் தலையை அளப்பதோடு நிற்காமல், பிள்ளை நடந்துபோகும் வழியை அளவுங்கள்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். மனநலம், போதைப்பாவனை சார்ந்த சேவைகளுக்குப் பொறுப்பான அமெரிக்க அரச நிறுவனம் சாம்சா. அது 2014 இல் மனவடு உணர்ந்த அணுகுமுறைக்கு ஒரு விளக்கம் வெளியிட்டது. அதில் நான்கு படி. மனவடு எவ்வளவு பரவலானது, மனிதரை என்ன செய்யும் என்று விளங்கிக்கொள்வது ஒன்று. முன்னால் நிற்பவரிடம் அதன் அடையாளங்களைக் கண்டுகொள்வது இரண்டு. அந்த அறிவின்படி விதிகளையும் அன்றாட நடைமுறையையும் மாற்றுவது மூன்று. உதவப்போய்ப் பிள்ளையைத் திரும்பவும் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது நான்கு. முதல் இரண்டும் ஆட்களுக்குள் இருப்பவை. மற்ற இரண்டும் நிறுவனத்தின் நடப்பில் இருப்பவை. வினாத்தாள் முதல் இரண்டுக்கு மேல் எட்டாது. அந்த அன்ரி முதல் இரண்டிலும் தேறியவர். மூன்றாவதும் நான்காவதும் அவர் கையில் மட்டும் இல்லை. இரவில் எத்தனை பேர் வேலை என்று தீர்மானிப்பவர் வேறு ஆள்.

அதற்காக மனப்பாங்கை அளக்கும் கருவிகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஆர்டிக் என்ற அளவுகோல் 2016 இல் வெளியானது. நீளமானதில் 45 கேள்வி, அடுத்ததில் 35, குறுகியதில் 10. ஒவ்வொரு கேள்வியிலும் எதிரெதிரான இரண்டு கூற்றுகள் இருக்கும், நடுவே ஏழு புள்ளிகள். "இந்தப் பிள்ளை வேண்டுமென்றே செய்கிறது" என்பது ஒரு பக்கம், "இந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் ஏலும்" என்பது மறுபக்கம் என்ற மாதிரி. நீங்கள் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நிற்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். "நான் பிள்ளைகளைப் புரிந்துகொள்கிறேன், ஆம் அல்லது இல்லை" என்று கேட்பதைவிட இது நல்லது, ஏனென்றால் சரியான பதில் எது என்று பளிச்சென்று தெரியாது. மிச்சிகனில் உருவாகி 2012 இல் வெளியான டிஸ்கி என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆளை மட்டும் கேட்காமல், அவர் வேலை செய்யும் அமைப்பில் மனவடுவுக்கு இடம் கொடுக்கும் விதிகளும் வழக்கங்களும் இருக்கின்றனவா என்றும் கேட்கிறது. அது சிறுவர் நலத்துறையை மனதில் வைத்தே செய்யப்பட்டது.

ஆனால் இவற்றை ஆங்கிலத்திலிருந்து ஒரே இரவில் தமிழாக்கி விநியோகிக்காதீர்கள். அனுமதி பெறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், மொழி அதைவிடப் பெரிய பிரச்சினை. "மனவடு" என்ற சொல் உங்களுக்கும் எனக்கும் பழக்கம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் வடக்குக் கிழக்கில் கூட்டு மனவடு பற்றிப் பேசிப் பேசி அது எங்கள் வட்டத்தில் ஊன்றிவிட்டது. தோப்பூரிலோ கிளிவெட்டியிலோ இருந்து வேலைக்கு வரும் ஒரு பராமரிப்பாளர் "பிள்ளைக்கு யோசனை கூடிப்போச்சு", "நெஞ்சு பதறுதாம்", "பயந்த கோளாறு" என்றுதான் சொல்வார். மொழிபெயர்த்த தாளை முதலில் நான்கைந்து பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் "இதில என்ன கேக்கினம் எண்டு உங்களுக்கு விளங்குது?" என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக வரும்வரை திருத்துங்கள். இந்த வேலைக்கு இரண்டு கிழமை போகும். போகட்டும். நம்முடைய மாவட்டத்தில் சிங்களப் பணியாளர்களும் இருப்பதால் அதே வேலையைச் சிங்களத்திலும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு இல்லங்களுக்கு இடையில் தெரிகிற வித்தியாசம் மனப்பாங்கிலா மொழிபெயர்ப்பிலா என்று சொல்ல முடியாது.

சரி, இப்போது வழிக்கு வருகிறேன். என் மனம் அதிகம் நிற்கும் இடம் இது.

வெருகல் பக்கத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு வீட்டில் துன்புறுத்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியையிடம் சொல்கிறாள். ஆசிரியை அதிபரிடம் கூட்டிப்போகிறார், அங்கே திரும்பச் சொல்கிறாள். பிறகு கிராம உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகம். ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி. நன்னடத்தை உத்தியோகத்தர். நீதவான். அன்று இரவு இல்லத்துக்கு வந்து சேர்ந்தால் பொறுப்பாளர் அனுமதிப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்பார். அடுத்த கிழமை உளவளத்துணை உத்தியோகத்தர் "என்ன நடந்தது மகள்?" என்று அடியிலிருந்து தொடங்குவார். இவர்கள் ஒவ்வொருவரும் அன்பான மனிதராகவே இருக்கலாம். பிள்ளை அதே கதையைப் பத்துத் தடவை சொல்லியாயிற்று.

அந்தப் பத்துதான் உங்கள் முதல் எண். எத்தனை பேரிடம் முழுக்கதையையும் சொன்னாள்? உங்கள் திட்டம் வேலை செய்தால் ஒரு வருடத்தில் அது ஆறாகும், பிறகு நான்காகும். எப்படிக் குறையும்? முதலில் கேட்டவர் எழுதிய சுருக்கத்தை அடுத்தவர் வாசித்துவிட்டு, "எனக்குத் தெரியும் மகள், நீங்கள் திரும்பச் சொல்லத் தேவையில்லை" என்று தொடங்குவதால் குறையும். இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், பிள்ளையின் ஆரம்ப நேர்காணலை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் முன்வைக்க வழிவிடுகிறது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை வழக்கில் அந்த வழியைப் பயன்படுத்தினார்கள் என்பதே தனியாக ஒரு நல்ல அளவு.

இரண்டாவது எண், வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்குவது நம்முடைய பகுதிக்குப் புதியதல்ல. தான் சொன்னது அப்படியே எழுதப்பட்டதா என்று பிள்ளைக்கு வாசித்துப் பார்க்க முடியாது. சாம்சாவின் ஆறு அடிப்படைகளில் நம்பகத்தன்மையும் ஒன்று. திருகோணமலையில் அந்தச் சொல் முதலில் போய் நிற்கும் இடம் பொலிஸ் நிலையத்து மேசை.

மூன்றாவது, முதல் இரவு. தான் எங்கே போகிறாள் என்று அவளுக்கு முன்கூட்டியே யாராவது சொன்னார்களா? வீட்டிலிருந்து தன் உடுப்பு, புத்தகப் பை, பழகிய ஒரு பொருள் ஏதாவது கொண்டுவந்தாளா? படுக்கும் நேரம் யார் பக்கத்தில் இருந்தார்கள்? தம்பி தங்கச்சி இருந்தால் ஒரே இடத்தில் வைத்தார்களா? பெரும்பாலான இல்லங்கள் பையன்களையும் பெண்பிள்ளைகளையும் தனித்தனியாக எடுப்பதால் அக்காவையும் தம்பியையும் பிரிப்பது சாதாரண நடைமுறையாகவே போய்விட்டது. அதை யாரும் எங்கும் எண்ணுவதில்லை.

நான்காவது, பள்ளிக்கூடம் போகாமல் இருந்த நாட்கள். ஐந்தாவது, ஒரு வருடத்தில் எத்தனை தடவை இடம் மாற்றினார்கள் என்பது. இந்த ஐந்து போதும். இருபது குறிகாட்டி எழுதிவிட்டு மூன்றாம் மாதத்தில் ஒருவரும் நிரப்பாத படிவமாக விடுவதைவிட, ஐந்தை இரண்டு வருடம் விடாமல் எண்ணுவது மேல்.

எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தைச் சேவை மாகாண விடயம். அதனால் நன்னடத்தை உத்தியோகத்தரின் பதிவுக் கோவை கிழக்கு மாகாணத் திணைக்களத்துக்குரியது. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருந்தாலும் மத்திய திணைக்களத்தின் ஆள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு மாவட்டத்தில் தனி உத்தியோகத்தர்கள், தனிப் பதிவேடு. பொலிஸுக்கு வேறு, ஆஸ்பத்திரிக்கு வேறு. ஒரே பிள்ளை ஐந்து கொப்பிகளில் ஐந்து எழுத்துக்கூட்டலில் இருப்பாள். இந்தக் கொப்பிகளை வைத்திருக்கும் எல்லோரும் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் உட்கார்ந்து பிள்ளை பிள்ளையாகக் கதைக்கிறார்களா என்பதை நான் அமைப்பு மாறியதற்கான மிகப் பெரிய அடையாளமாகப் பார்க்கிறேன். எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ணாதீர்கள். தேநீரோடு முடிந்த கூட்டமும் அதில் சேரும். போன மாதம் எடுத்த முடிவுகளில் இந்த மாதத்துக்குள் எத்தனை நடந்தன என்று எண்ணுங்கள்.

கோவைகளை வாசிப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். திட்டத்துக்கு முந்திய வருடத்திலிருந்து இருபது, பிந்திய வருடத்திலிருந்து இருபது எடுங்கள். தெரிவுசெய்யும் வேலையைச் சீட்டுக் குலுக்கலுக்கு விடுங்கள், நல்ல கோவையாகப் பார்த்து எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். திகதியை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து ஒரே கேள்விகளுக்கு ஆம், இல்லை போட வேண்டும். பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் இருக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது "அடங்காதவள்", "களவு எடுப்பவன்" என்ற பெயர் மட்டும்தானா? பிள்ளை எதைக் கேட்டாள் என்று அவளுடைய சொல்லில் ஒரு வரியாவது இருக்கிறதா? இரண்டு பேரின் பதிலும் அடிக்கடி முரண்பட்டால் கேள்வி தெளிவில்லை என்று அர்த்தம். கேள்வியைத் திருத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

அடுத்தது, நீங்கள் அறிக்கை எழுதும்போது பயப்படப்போகிற விடயம். நல்ல மாற்றம் வந்தால் சில எண்கள் கெட்டுப்போன மாதிரித் தெரியும்.

பிள்ளைகள் நம்பத் தொடங்கினால் முறைப்பாடு கூடும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைச் சுவரில் ஒட்டி, அதற்கு அழைத்தால் அடி விழாது என்று உறுதிசெய்த இல்லத்திலிருந்து அழைப்பு கூடும். முன்பு யாரும் எழுதாத சம்பவங்களைப் பணியாளர்கள் சம்பவக் கொப்பியில் எழுதத் தொடங்குவார்கள், பக்கம் நிறையும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் சிறுவர் நலத்துறை முழுவதிலும் இந்த அணுகுமுறையைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. அதைப் பற்றி 2018 இல் வெளியான மதிப்பீட்டில், திட்டம் நடந்த பகுதிப் பிள்ளைகளிடம் உறுதியான துன்புறுத்தல் சம்பவங்கள் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. ஆனால் உறுதியானதும் ஆகாததுமாக மொத்த முறைப்பாடுகள் அதிகம். வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்ட தடவைகளும் அதிகம். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து எழுதியிருந்தால் திட்டம் வெற்றி என்றோ தோல்வி என்றோ தவறாக முடிவுகட்டியிருப்பார்கள்.

ஆகவே எந்த எண் கூட வேண்டும், எந்த எண் குறைய வேண்டும், எது முதலில் கூடிப் பிறகு குறையும் என்று தொடங்குவதற்கு முன்னமே ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, நிதி தருபவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். முறைப்பாடு முதல் வருடம் கூடும் என்று முன்கூட்டிச் சொன்னவரை நம்புவார்கள். கூடிய பிறகு விளக்கம் சொல்பவரை நம்பமாட்டார்கள். அதோடு, இல்லத்தின் மதிப்பெண்ணைச் சம்பவங்களின் எண்ணிக்கையோடு ஒருபோதும் கட்டாதீர்கள். கட்டினால் சம்பவம் குறையாது, எழுதுவதுதான் குறையும்.

நல்ல மனதோடு செய்தது நல்லதாகவே முடியும் என்றும் இருந்துவிடக் கூடாது. நம்முடைய நாட்டிலேயே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளோடு பள்ளிக்கூட மட்டத்தில் ஒரு உளசமூகத் திட்டம் நடந்தது. பாதிப் பாடசாலைகள் என்ற மாதிரி ஒரு பகுதிக்கு முதலில் கொடுத்து, மற்றப் பகுதியைக் காத்திருக்க வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2012 இல் முடிவு வெளியானது. முதன்மையாக எதிர்பார்த்த அளவுகளில் மொத்தமாகப் பார்த்தால் பயன் தெரியவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. மனவடு அறிகுறிகளிலும் பதற்றத்திலும் பையன்களுக்குக் கூடுதல் பயன். ஆனால் பெண்பிள்ளைகளில், காத்திருந்தவர்களின் மனவடு அறிகுறிகள் இறங்கிய அளவுக்குத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் அறிகுறிகள் இறங்கவில்லை. இதை வாசித்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. ஒப்பிட ஆளில்லாமல் முன் பின் மட்டும் அளந்திருந்தால் "எல்லோருக்கும் குறைந்தது, வெற்றி" என்றே எழுதியிருப்பார்கள். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: போர் சார்ந்த நெருக்கீடு அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பயன் குறைவு. இன்றைக்கு ஆபத்து நிற்காத பிள்ளைக்கு நேற்றைய காயத்தைப் பற்றிய பாடம் உதவாது.

இந்தத் திட்டத்தை இனி விரிக்கும்போது உங்களுக்கும் ஒப்பீடு செய்ய வழி இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் தொடங்க எப்படியும் உங்களிடம் ஆள் இருக்காது. அந்தக் குறையைப் பயனாக்குங்கள். சீட்டுப் போட்டு மூன்று நான்கு பிரிவை முதலில் எடுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த மூன்று, பிறகு அடுத்தது. ஆனால் அந்த ஐந்து எண்களையும் முதல் நாளிலிருந்தே எல்லாப் பிரிவிலும் எண்ணுங்கள். மூதூரில் திட்டம் வந்த பிறகு குறைந்து, இன்னும் வராத கிண்ணியாவில் அப்படியே இருந்து, கிண்ணியாவுக்கு வந்த பிறகு அங்கேயும் குறைந்தால், அது மழைக்காலத்தாலோ புதுச் சுற்றறிக்கையாலோ வந்தது என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. எல்லோருக்கும் கடைசியில் கிடைத்துவிடுவதால் ஒருவருக்கும் அநியாயமும் இல்லை. பையன், பெண்பிள்ளை என்று பிரித்தும் பாருங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரு இல்லத்தில் பதினெட்டுப் பிள்ளை என்றால் "33 வீதம் முன்னேற்றம்" என்பது ஆறு பிள்ளை. ஆறு பிள்ளை என்றே எழுதுங்கள். பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு கோட்டுத் தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். பழைய ஒரு வருடத்தின் நடு அளவில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுக்கலாம். ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், யாரையும் ஏசவும் வேண்டாம்.

பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டேன். சீனன்குடா விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் தாழப் பறந்தால் சில இல்லங்களில் பிள்ளைகளுக்கு முதல் அன்ரிமார் ஒரு கணம் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு நாற்பது வயதான ஒருவர் இந்த மாவட்டத்தில் 1990 இன் போரைப் பிள்ளையாகக் கண்டவர், 2004 டிசம்பர் 26 இல் கடலைக் கண்டவர், 2006 இல் சண்டைக்குத் தப்பி மூதூரிலிருந்து நடந்தவர். அவருக்குப் பிள்ளையின் மனவடு பற்றி மட்டும் வகுப்பெடுத்துவிட்டு, அவருடைய இரவு எப்படிப் போகிறது என்று கேட்காமல் விடுவது நியாயமில்லை. புரோகோல் என்ற முப்பது கேள்விக் கருவி இருக்கிறது. வேலையில் கிடைக்கும் நிறைவு, களைத்துச் சலித்துப்போதல், மற்றவர் துன்பத்தைக் கேட்டுக் கேட்டுத் தனக்கு வரும் காயம் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கும். அதைப் பெயரில்லாமல் கொடுங்கள், பதிலைப் பொறுப்பாளரிடம் காட்டாதீர்கள். அதைவிட எளிய அளவும் உண்டு: ஒரு வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், இரவில் ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த இல்லத்தில் பிறகு ஒரு மாற்றம் வந்தது. அது இரண்டாவது பயிற்சியால் வரவில்லை. இரவுக்கு இன்னொரு ஆளைப் போட்டதால் வந்தது.

பிள்ளைகளிடம் கேட்கலாமா? கேட்க வேண்டும். ஆனால் நடந்ததைக் கேட்காதீர்கள், இப்போது நடப்பதைக் கேளுங்கள். "இரவில் பயந்தால் யாரிடம் போவீர்கள்?" "போன கிழமை யாராவது உங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்களா, எதைப் பற்றி?" "வீட்டுக்கு எப்போது போவீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" முதல் கேள்விக்கு ஒரு பிள்ளையாவது "ஒருத்தரிட்டயும் இல்ல" என்றால், மற்ற எல்லா எண்ணும் நன்றாக இருந்தாலும் அந்த இல்லத்தில் வேலை முடியவில்லை. கேட்பவர் அந்த இல்லத்துக்கு வெளியே இருந்து வந்தவராக, பிள்ளையின் மொழி பேசுபவராக இருக்க வேண்டும். "பதில் சொல்லாமலும் இருக்கலாம், எழும்பிப் போகலாம்" என்பதைச் சொல்வதோடு நிற்காமல், எழும்பிப் போன பிள்ளைக்குப் பிறகு ஒரு பிரச்சினையும் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது துன்புறுத்துவதாகச் சொன்னால் உங்களால் அதை மறைத்துவைக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்பிச் சொன்ன பிறகு விதியைச் சொல்வது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு ஏமாற்றம். மனநிலையையும் அளக்க விரும்பினால் ராபர்ட் குட்மன் 1997 இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ. என்ற 25 கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது. அது சிரமங்களோடு பலங்களையும் கேட்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு பயிற்சியால் அந்த எண் ஆறு மாதத்தில் மாறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, குடும்பம். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ, ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமை, தாய் மத்திய கிழக்கில் வேலை, தகப்பனின் குடி, மறுமணம், பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை. காரணங்கள் இப்படித்தான் போகும். சம்பூர்ப் பக்கத்துச் சனம் 2006 இல் இடம்பெயர்ந்து, பலர் கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களின் முகாம்களில் இருந்துவிட்டு 2015, 2016 இல்தான் ஊர் திரும்பினார்கள். அந்த முகாமில் நடை பழகிய பிள்ளை இன்றைக்கு இளம் தாயாக இருக்கலாம். அவளையும் காயப்பட்டவளாகப் பார்க்காமல் "கவனிக்காத தாய்" என்று கோவையில் எழுதிவிட்டு, மகளை மட்டும் மனவடு உணர்ந்து பராமரிப்பதாகச் சொல்ல முடியாது. 2008 இல் வெளியான ஒரு ஆய்வு வடக்குக் கிழக்கில் 296 தமிழ் மாணவர்களைப் பார்த்தது. போரும் சுனாமியும் மட்டுமில்லை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் அவர்களுடைய மனவடுவோடு சேர்ந்தே நின்றது. ஆகவே இல்லத்தின் சுவருக்குள் மட்டும் அளக்காதீர்கள். மாதத்தில் எத்தனை தடவை தாய் வந்து பார்த்தாள், வந்தவளைக் கதிரையில் இருத்தினார்களா, வாசலில் நிற்கவைத்தார்களா, ஈச்சிலம்பற்றிலிருந்து வர பஸ் காசு யார் கொடுத்தார்கள், வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையை ஆறு மாதம் கழித்து யாராவது போய்ப் பார்த்தார்களா என்று பாருங்கள். வீட்டுக்குப் போன பிள்ளை அங்கேயே நன்றாக இருப்பதுதான் நான் கேட்கும் கடைசி எண். அது தெரிய இரண்டு வருடமாவது எடுக்கும். ஒரு வருட நிதியில் அதை அளக்க முடியாது என்று நிதி தருபவரிடம் இப்போதே சொல்லுங்கள். வழியின் அந்த ஐந்து எண்களையும் ஒரு வருடத்தில் காட்டலாம், அதை வைத்து அடுத்த வருடத்தைக் கேளுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே பயிற்சியைக் கொடுத்துவிட்டீர்கள், அதனால் தொடக்க அளவு போய்விட்டதே என்று கவலைப்படுவீர்கள். முழுதாகப் போகவில்லை. பழைய அனுமதிப் பதிவேடும் சம்பவக் கொப்பியும் நீதிமன்றத் திகதிகளும் இன்னும் அலுமாரியில் இருக்கும். அவற்றிலிருந்து பயிற்சிக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தின் இடமாற்றங்களையும் பள்ளிக்கூடம் போகாத நாட்களையும் எடுத்துவிடலாம். கதையை எத்தனை தடவை சொன்னாள் என்பதை மட்டும் இன்றிலிருந்து எண்ணுங்கள், அதையும் பிள்ளையிடம் கேட்காமல், யார் யார் வாக்குமூலமோ குறிப்போ எழுதினார்கள் என்று கோவைகளைப் பார்த்து.

புள்ளி வைத்த அந்தத் தாளை முதலில் அன்ரிமாருக்குக் காட்டுங்கள், கொழும்புக்கு அனுப்புவது பிறகு. பிள்ளைகளின் பெயர் எதுவும் இல்லாமல், அவர்கள் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, "மூன்றாம் மாதம் ஏன் ஏறியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.